பழைய அறுவடை வண்டி: எது நின்றால் எத்தனை நாள்?

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அடுத்து நடக்கவிட்டுப் பார்ப்பார். கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, மணி கட்டி நிறுத்தியிருந்தாலும் பல்லும் நடையும் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய நெல் அறுவடை இயந்திரம் பார்க்கப் போகிறவர்களிடம் அந்த நிதானம் குறைவு. புதுப் பெயிண்டையும் மணிக்கணக்கு மீட்டரையும் பார்த்ததும் விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். மாட்டுக்குக் காட்டிய எச்சரிக்கையைப் பல லட்ச ரூபாய் இரும்புக்குக் காட்டுவதில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது வெறும் பேச்சல்ல. அண்டையிலுள்ள ஆத்தூர், தலைவாசல் வண்டிகளும் சின்னசேலம் பக்கத்து வண்டிகளும் தை பிறந்ததும் லாரி ஏறி டெல்டாவுக்குப் போவது ஆண்டுதோறும் நடப்பது. கோமுகி, மணிமுக்தா பாசன வயல்களிலும் அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. சொந்த வண்டி என்ற ஆசை கல்வராயன் மலை மேல் வெள்ளிமலை வரைக்கும் ஏறியிருக்கிறது. புது பெல்ட் வண்டி இருபது லட்சத்தைத் தாண்டிவிட்ட பிறகு, முதல் வண்டி வாங்குகிறவர் பழையதைத்தான் தேடுவார்.

அதில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் மெக்கானிக் ஐம்பது பாகத்தைச் சொல்வார். ஐம்பதும் என்றாவது ஒருநாள் கெடக்கூடியவைதான். ஆனால் எல்லாமே ஒரே எடை அல்ல. அறுவடை வண்டி வருமானம் பார்ப்பது ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே. கார்த்திகையில் மூன்று நாள் பட்டறையில் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. தை கடைசியில் மூன்று நாள் நின்றால் பேசிவைத்த நூறு ஏக்கரும் அடுத்தவன் வண்டிக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பாகத்தின் முன்னும் நின்று கேட்க வேண்டிய கேள்வி இது: இது நின்றால் வண்டி எத்தனை நாள் நிற்கும்? ஒரு மணி நேரமா, ஒரு நாளா, பருவமே போய்விடுமா? பார்க்கும் வரிசையும் பேசும் விலையும் இதிலிருந்தே வர வேண்டும்.

முதலில் நிலம்

இந்தியாவில் இந்த இயந்திரம் வேரூன்றியது பஞ்சாபின் கோதுமை வயல்களில். பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்தின் ஸ்வராஜ் 8100 வந்தது 1980இல். அகலமான, காய்ந்த, சமமான நிலத்துக்கென்று வடிவமைத்த டயர் வண்டிகளின் வழி அது. பிரீத், தஷ்மேஷ், கர்த்தார் போன்ற பஞ்சாப் பெயர்களை நம் ஊர்ச் சாலைகளிலும் பார்க்கலாம். 14 அடி அகலத்துக்கு அறுக்கும் அந்தப் பெரிய வண்டி சேற்றில் இறங்கினால் புதைந்துவிடும். சேற்றுக்கென்று வந்தவைதான் க்ளாஸ் நிறுவனத்தின் க்ராப் டைகர், 68 குதிரைத்திறன் கொண்ட குபோட்டா டிசி-68 போன்றவை. டயருக்குப் பதில் செயினோ ரப்பர் பெல்ட்டோ போட்டு எடையை அகலமாகப் பரப்பி நடப்பவை.

கள்ளக்குறிச்சி சமவெளியில் இரண்டுக்கும் வேலை உண்டு. காய்ந்த வயலிலும், மக்காச்சோளத்துக்கான முன்பகுதி மாட்டினால் சின்னசேலம் பக்கத்து மானாவாரிக் காட்டிலும் டயர் வண்டி ஓடும். ஆனால் மக்காச்சோளம் அடித்த வண்டியை நெல்லுக்கு வாங்குகிறவர் கவனிக்க வேண்டும்: கதிரின் கட்டை, கதிரடிக்கும் டிரம்மின் பற்களை நெல்லைவிட முரட்டுத்தனமாக அடித்திருக்கும்.

வெள்ளிமலைக் கணக்கு வேறு. மேலே மரவள்ளி, சாமை, மக்காச்சோளம். பள்ளங்களில் படிப்படியாய் நெல் வயல். கச்சிராயபாளையத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் பெல்ட் வண்டி சொந்தக் காலில் வர முடியாது. லாரியில்தான் வர வேண்டும். வந்தாலும் திரும்ப இடமில்லாத படிவயலில் பாதி நேரம் பின்னால் எடுத்து முன்னால் விட்டே போய்விடும். மலை வயலை மட்டும் நம்பி வாங்கினால் வண்டிக்குத் தீனி போதாது. மலையில் வாழ்கிற உரிமையாளரின் வண்டியும் சமவெளியில்தான் சம்பாதிக்க வேண்டும். மலைக்கென்றே தேவைப்பட்டால் சிறிய கதிர் வெட்டும் இயந்திரமும் கதிரடிக்கும் இயந்திரமும் சேர்ந்து குறைந்த பணத்தில் அந்த வேலையை முடித்துவிடும். நிலத்துக்கு ஒவ்வாத வண்டி நல்ல நிலையில் இருந்து என்ன பயன்?

மீட்டர் சொல்லாத மணி

மணிக்கணக்கு மீட்டர் பொய் சொல்லலாம். ஒயரைக் கழற்றி ஓட்டியிருக்கலாம், மீட்டர் பெட்டியையே மாற்றியிருக்கலாம். அதற்குச் சரிபார்ப்பு எளிய கணக்குதான். தை, மாசியில் டெல்டா சம்பா, அங்கிருந்து பாலக்காடு, குட்டநாடு, பிறகு நவரை, புரட்டாசியில் குறுவை. இப்படி ஊர் சுற்றிய வண்டி ஆண்டுக்கு 100 நாள், நாளுக்கு 10 மணி என்று ஓடினாலே 1,000 மணி ஆகிவிடும். நான்கு வயதான வாடகை வண்டியில் மீட்டர் 1,200 காட்டினால் மிச்சம் எங்கே போனது என்று கேட்பதில் தவறில்லை.

மீட்டர் மறைத்ததை மற்றவை சொல்லும். பெடல் ரப்பர் வழவழப்பாகி இரும்பு தெரிகிறதா, லீவரின் கைப்பிடியில் எழுத்து அழிந்திருக்கிறதா, ஏறும் படியின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் குழாய்களின் மேல் தயாரித்த காலம் அச்சாகியிருக்கும். வண்டியின் வயதோடு ஒப்பிடுங்கள். பெயிண்டைப் பொறுத்தவரை ஒரே விதி: நட்டு, போல்ட் தலை, கிரீஸ் வைக்கும் நிப்பிள் மேலும் பெயிண்ட் படிந்திருந்தால் அது விற்பனைக்காக அடித்தது. அழுக்கோடு நிற்கும் வண்டி நல்லது. எங்கே எண்ணெய் கசிகிறது என்பதை அழுக்கே காட்டிவிடும்.

பருவத்தை விழுங்கும் கோளாறு

இந்த வகையில் நான்கு: எஞ்சின், நகர்த்தும் பம்ப், அடிக்கால், டிரம். இவற்றில் ஒன்று போனாலும் உதிரிப்பாகம் வரவழைத்து, இறக்கி, ஏற்றி முடிப்பதற்குள் தை போய் மாசி வந்துவிடும். பார்க்கும் நேரத்தில் முக்கால் பங்கை இவற்றுக்கே கொடுங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்ப வேண்டும். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால், முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். டீ குடித்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். கிளப்பியதும் சற்று நேரம் வெண்புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. சுமை ஏறும்போதெல்லாம் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டரோ காற்று வடிகட்டியோ சரியில்லை. சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. இரயில் எஞ்சின் மாதிரி குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியை மட்டும் குளிர்ந்திருக்கும்போதே திறக்க வேண்டும். தண்ணீரில் எண்ணெய்ப் படலமும், ஆயில் அளக்கும் கம்பியில் மோர் போன்ற வெண்மையும் இருக்கக் கூடாது. ரேடியேட்டர் சல்லடையில் தூசு அடைத்தே பல எஞ்சின்கள் சூடேறிச் சாகின்றன.

எஞ்சினின் தலைமுறையும் முக்கியம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட விவசாய எஞ்சின்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 என்ற புகை விதி வந்தது. அதற்கு முந்தைய எஞ்சினில் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப். நம் ஊர் மெக்கானிக்கே பிரித்துச் சேர்ப்பார். பிந்தையதில் சென்சாரும் கணினிப் பெட்டியும் உண்டு. கோளாறு கண்டுபிடிக்கவே கம்பெனி ஆள் ஸ்கேனரோடு வர வேண்டும். பழையதை வாங்குகிறவர்களில் பலர் 2023க்கு முந்தைய வண்டியை விரும்பிக் கேட்பதில் இந்தக் காரணமும் இருக்கிறது.

நகர்த்தும் பம்ப்பைப் பட்டறைகளில் ஹெச்.எஸ்.டி. என்பார்கள். கியருக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தத்தால் வண்டியை நடக்க வைப்பது அது. தேய்ந்த பம்ப் காலையில் பிரமாதமாக இழுக்கும். எண்ணெய் சூடேறி இளகியதும் சோர்ந்துவிடும். ஆகவே காலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது சோதனை அல்ல. ஒரு மணி நேரம் அறுத்து எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு லாரியின் சாய்பலகையில் ஏற்றச் சொல்லுங்கள். ஆட்களை இருபுறமும் தள்ளி நிற்கவைத்து, பழகிய ஓட்டுநர் ஏற்றட்டும். திணறாமல் சீராக ஏறினால் பம்ப் உயிரோடு இருக்கிறது. நடுவில் நின்று எஞ்சின் மட்டும் கத்தினால், விற்பவர் சொன்ன விலையிலிருந்து ஒரு பெரிய தொகையை அந்த இடத்திலேயே கழித்துவிடலாம். வெள்ளிமலைக்குப் போகும் வண்டிக்கு இதைவிட முக்கியமான சோதனை கிடையாது.

அடிக்காலுக்கு நடை பார்க்க வேண்டும். பெல்ட்டைச் சுழற்றும் பல்சக்கரத்தின் பல் நிமிர்ந்திருக்கிறதா, கொக்கு மூக்கு மாதிரி ஒரு பக்கம் வளைந்து கூராகியிருக்கிறதா? வளைந்த பல் புது பெல்ட்டையும் சீக்கிரமே தின்றுவிடும். பெல்ட்டை மட்டும் மாற்றிக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ரப்பர் பெல்ட்டின் மேல் கட்டை தேய்வதைவிட உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிவதுதான் ஆபத்து. தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த பெல்ட் சேற்றின் நடுவில்தான் அறும். இறுக்கும் திருகு கடைசிவரை வெளியே வந்திருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது, இனி இறுக்க இடமில்லை. ரோலர்களின் ஓரத்தில் எண்ணெய் ஈரம், கையால் ஆட்டினால் ஆட்டம் இரண்டையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். களிமண் சேற்றில் காலம் தள்ளிய வண்டிக்கும் செம்மண் காய்ச்சலில் ஓடிய வண்டிக்கும் ஒரே மணிக்கணக்கு இருந்தாலும் கால் ஒன்றல்ல. முன்பு எங்கே ஓடியது என்று ஓட்டுநரிடம் தனியாகக் கேளுங்கள். உரிமையாளர் மறப்பது அவருக்கு நினைவிருக்கும்.

டிரம்தான் வண்டியின் வாய். எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கதிரை அடித்து நெல்லை உதிர்க்கும் பற்கள் வட்டமாய் வரிசையாய் இருக்கும். வேலை செய்யும் பக்கத்து விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். புதுப் பல்லுக்கு முனை இருக்கும். தேய்ந்தது கூழாங்கல் மாதிரி வழுக்கும். ஒன்றிரண்டு மட்டும் புதிதாக மின்னினால் கல்லோ இரும்போ உள்ளே போன சரித்திரம் உண்டு. டிரம்மின் சமநிலை போயிருக்கலாம். டிரம்முக்குக் கீழே வளைந்திருக்கும் கம்பிச் சல்லடை தொய்ந்தோ ஒட்டுப்போட்டோ இருந்தால், நெல் வைக்கோலோடு வெளியே போகும். பிறகு காலியாக முழு வேகத்தில் ஓட்டி, வண்டியின் மேல் நின்று பாருங்கள். காலுக்குக் கீழே குதிக்கிற வண்டி பேரிங்கையும் வெல்டிங்கையும் ஆண்டு முழுக்கக் கேட்கும்.

ஒரு நாள் கோளாறும் ஒரு மணிக் கோளாறும்

அடுத்த வகை, ஒரு நாள் நிறுத்திவைப்பவை: கதிரை மேலே இழுக்கும் ஃபீடர் செயின், முன்பக்கத்துத் திருகான ஆகர், நெல்லைத் தொட்டிக்கு ஏற்றும் திருகு, ஹைட்ராலிக் சிலிண்டர், ஒயரிங். ஃபீடர் செயினில் பட்டைகள் வளைந்திருக்கின்றனவா, இரு பக்கமும் ஒரே நீளமா என்று பாருங்கள். ஆகர் தொட்டியின் அடித்தகட்டை நாணயத்தால் தட்டுங்கள். கனத்த ஓசை வந்தால் நல்லது, தகரம் மாதிரி கலகலத்தால் மண் அரித்துக் காகிதமாகியிருக்கிறது. முன்பகுதியை உயரத் தூக்கி நிறுத்தி அரைமணி கழித்துப் பார்க்கும்போது தானாக இறங்கியிருந்தால் சிலிண்டரில் கசிவு. தூக்கிய முன்பகுதிக்குக் கீழே மட்டும் முட்டுக்கொடுக்காமல் யாரும் குனியக் கூடாது.

ஓய்வுக் காலத்தில் மிஞ்சிய நெல்லுக்கு எலி வரும். வந்தது ஒயரையும் கடிக்கும். தொட்டி நிறைந்தால், வைக்கோல் அடைத்தால் அலறும் எச்சரிக்கை மணிகள் எல்லாம் வேலை செய்கின்றனவா? சத்தம் தொல்லை என்று அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மணி ஊமையான வண்டியில் டிரம் அடைத்துக்கொண்டு பெல்ட் எரிந்த நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

கத்தி, விரல், வி-பெல்ட், சின்ன பேரிங் ஆகியவை ஒரு மணி வேலை. ஓட்டுநரே இருக்கையின் கீழே உபரி வைத்திருப்பார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். மழுங்கிய கத்தியைக் காட்டி இரண்டாயிரம் ரூபாய் குறைத்த பெருமையில், தேய்ந்த பல்சக்கரத்தைப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

படுதாவும் தராசும்

நின்ற வண்டியைப் பார்த்தது போதும். பனி உலர்ந்த பத்து மணிக்கு மேல் வயலில் இறக்கி ஒரு மணி நேரமாவது அறுக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்த பயிர் மட்டும் போதாது; ஒரு மூலையில் சாய்ந்து கிடப்பதிலும் ஓடட்டும்.

கையளவு நெல்லைத் தொட்டியிலிருந்து எடுத்து 100 மணி எண்ணுங்கள். எத்தனை உடைந்திருக்கிறது, எத்தனை உமி உரிந்து அரிசியாகத் தெரிகிறது? உமி உரிவது அதிகமென்றால் டிரம் வேகமாகச் சுற்றுகிறது, அல்லது அதற்கும் கீழ்ச் சல்லடைக்கும் உள்ள இடைவெளி கெட்டிருக்கிறது. பதரும் தூசும் மிகுந்தால் காற்றாடியும் சல்லடையும் சரியில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பொது விதியோடு தூசும் பதரும் பார்க்கப்படுகின்றன; அழுக்கு நெல் தரும் வண்டியை அடுத்த ஆண்டு விவசாயி கூப்பிட மாட்டார்.

பிறகு சிந்துவதை அளக்கலாம். நீளக் கழியில் கட்டிய படுதாவை இருவர் ஏந்திக்கொண்டு, தள்ளியே நடந்து, வைக்கோல் விழும் இடத்தில் 10 மீட்டர் தூரத்துக்குப் பிடிக்க வேண்டும். வைக்கோல் வெட்டும் பிளேடு இருந்தால் அதை நிறுத்திவிட்டே செய்ய வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை விளையும் வயல் என்று வைத்துக்கொள்வோம். அது 2,400 கிலோ. ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர் என்பதால் சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிராம். வண்டி 2 மீட்டர் அகலம் அறுத்தால் 10 மீட்டரில் 20 சதுர மீட்டர், அதாவது 12 கிலோ நெல். படுதாவில் விழுந்த வைக்கோலை உதறி, நெல்லை மட்டும் மளிகைக் கடைத் தராசில் போடுங்கள். 120 கிராம் என்றால் இழப்பு நூற்றுக்கு ஒன்று. 400 கிராம் வந்தால் நூற்றுக்கு மூன்றைத் தாண்டிவிட்டது. ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் வைக்கோலோடு போகிறது. முதலில் வேகத்தைக் குறைத்து, காற்றைச் சரிசெய்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் குறை ஓட்டுநரிடம் இல்லை, டிரம்மிலும் சல்லடையிலும் இருக்கிறது.

சரிவான வயலுக்குப் போகிறவர் இதைச் சற்றுச் சாய்ந்த இடத்திலும் செய்ய வேண்டும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் சல்லடை மேல் நெல் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கும். அந்தப் பக்கம் காற்று தூக்க முடியாமல் சிந்தும். சமவெளியில் 120 கிராம் காட்டிய வண்டி சரிவில் அதைத் தாண்டலாம்.

அறுத்து முடித்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, பேரிங் இருக்கும் இடங்களைப் புறங்கையால் நெருங்கிப் பாருங்கள். பத்தில் ஒன்று மட்டும் அனலாக இருந்தால், அதுதான் அடுத்து போகப்போவது.

காகிதம்

இரும்பு நன்றாக இருந்து காகிதத்தில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியில் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால் நிதி நிறுவனத்தின் கடிதமும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் மானியத்தோடு வாங்கிய வண்டி என்றால், குறிப்பிட்ட காலம் விற்கத் தடை உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. நிதி நிறுவன ஏலத்தில் எடுப்பவருக்கு விலை குறையலாம். வயலில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பும் குறையும். அந்தக் குறைவுக்கான விலை ஏலத் தொகையிலேயே இறங்கியிருக்க வேண்டும்.

விலை என்பது எது

கேட்ட விலை வண்டியின் விலை அல்ல. அதோடு முதல் பருவத்துக்கு முன் செய்தே தீரவேண்டிய வேலை, லாரி வாடகை, வட்டி, நிற்கப்போகும் நாள் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு ஜோடி பெல்ட், பல்சக்கரம், பம்ப் வேலை, எஞ்சின் வேலை ஆகிய நான்குக்கும் உதிரிப்பாகக் கடையில் இன்றைய விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சோதனையில் தோற்றதன் தொகையைக் கேட்ட விலையோடு கூட்டி, புது வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. புது வண்டி இறங்கினால் பழையதும் இறங்க வேண்டும். வரி குறையும் முன்பு வாங்கியவர் தான் கொடுத்த விலையை வைத்துப் பேசுவார். நீங்கள் இன்றைய விலையை வைத்துப் பேசுங்கள்.

வரவையும் பெருக்கிப் பார்க்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகள் தனியாரைவிடக் குறைந்த வாடகைக்கு உழவன் செயலி வழியாகவே கிடைக்கின்றன. பருவம் வந்தால் வெளியூர் வண்டிகளும் வந்து குவியும். வாடகையை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. நின்ற நாள் குறைவாக இருப்பதே இந்தத் தொழிலின் லாபம்.

வண்டியை ஒரு மணி நேரம் வயலில் ஓட்ட விடாதவரிடம் விலை பேசவே தேவையில்லை. டீசல் செலவு என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் என்ன தெரிந்துவிடும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.